வகுப்பில் சரி, வார்டில் கோளாறு: நோயாளியை நகர்த்தும் பயிற்சியைப் பழுது பார்க்கும் வழி

மலேசியாவின் தெற்குப் பேராக்கில், எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை தெரிகிற ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் பிசியோவாக வேலை செய்கிறேன். புதிதாகச் சேரும் தாதியருக்கும் அத்தெண்டன்களுக்கும் (வார்டு உதவியாளர்கள்) நோயாளியைப் புரட்டுவது, உட்கார வைப்பது, கட்டில் மாற்றுவது எல்லாம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பும் என் தலையில்தான். பயிற்சி நாளில் எல்லாரும் அழகாகச் செய்வார்கள். மூன்று வாரம் கழித்து வார்டுப் பக்கம் போனால் பழையபடி இடுப்பை வளைத்து, அக்குளில் கைகொடுத்து, மூச்சைப் பிடித்து ஒரே தூக்கு. முன்பெல்லாம் உடனே இன்னொரு வகுப்பு வைப்பேன். இப்போது வைப்பதில்லை. எங்கே பிசகுகிறது என்று பார்த்து அதை மட்டும் சரிசெய்கிறேன். பயிற்சி கொடுப்பதால் மட்டும் முதுகுவலியைத் தடுக்க முடியும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2011இல் வந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுவது) சொல்கிறது. எங்கள் வார்டும் எனக்கு அதையேதான் சொன்னது, கொஞ்சம் சத்தமாக.

உங்கள் வார்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். காசு ஆகாத காரணங்களை முதலில் எழுதியிருக்கிறேன், பணம் கேட்கும் காரணங்களைக் கடைசியில்.

ஓர் எண்ணை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 16 கிலோ. நோயாளியைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் கணக்குப் போட்டுச் சொன்ன வரம்பு 35 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிலோ. அதுவும் நோயாளி ஒத்துழைத்து, நாம் அவரை உடம்போடு ஒட்டிப் பிடிக்க முடிந்தால்தான். 60 கிலோ பெரியவரின் ஒரு காலே பத்துக் கிலோவுக்குப் பக்கம் வரும். அதனால் கீழே ‘தூக்கு’ என்ற சொல் அதிகம் வராது, ‘நகர்த்து’தான் வரும்.

அறிகுறி 1: வகுப்பில் செய்து காட்டியவர் வார்டில் செய்வதில்லை

அவர் சோம்பேறி என்று முடிவு கட்டும் முன் காலை ஆறு மணிக்கு வார்டில் போய் நில்லுங்கள். கையில் நோட்டுப் புத்தகம் வேண்டாம். அதைப் பார்த்தால் எல்லாரும் நல்ல பிள்ளை ஆகிவிடுவார்கள். உடம்பு துடைத்துவிடும் நேரத்தில் எத்தனை பேர் கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

எங்கள் ஆண்கள் வார்டில் ஒருவரும் ஏற்றவில்லை. ‘முதுகை வளைக்காதே’ என்று மூன்று வகுப்பு எடுத்திருக்கிறேன். அன்றைக்கு நானே குனிந்து ஒரு கட்டிலின் கால்மாட்டுக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்து நான்கு சுற்றுச் சுற்றுவதற்குள் எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கட்டிலில் கைப்பிடியே இல்லை. அதை யாரோ வேறொரு கட்டிலுக்குக் கழற்றிப் போயிருந்தார்கள். பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் கிரீஸ் டப்பாவோடு வந்து ஒரு மதியத்தில் பதினான்கு கட்டிலையும் முடித்துக் கொடுத்தார். மறுவாரம் பாதிப் பேர் தாமாகவே கட்டிலை ஏற்றினார்கள். மூன்று வகுப்பால் ஆகாத வேலை அது.

கைப்பிடி சரியாகச் சுற்றுகிறது, அப்படியும் ஏற்றவில்லை என்றால் அடுத்து ஸ்லைட் ஷீட்டைத் தேடுங்கள். உராய்வைக் குறைக்கும் அந்த வழுக்கு விரிப்பு எங்கே இருக்கிறது? ஸ்டோரில். ஸ்டோருக்குப் பூட்டு. சாவி சிஸ்டரிடம். சிஸ்டர் பசியாறப் போயிருக்கிறார். இத்தனையும் தாண்டி விரிப்பை எடுத்து வருவதைவிட அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது சுலபம் என்று யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றும். கட்டிலிலிருந்து விரிப்புக்கு எத்தனை அடி என்று நடந்து எண்ணுங்கள். பத்து அடிக்கு மேல் போனால் யாரும் எடுக்கப் போவதில்லை. நடமாட முடியாத நோயாளி ஒவ்வொருவரின் தலைமாட்டிலும் ஒரு கொக்கி மாட்டி, அவருக்கென்று ஒரு விரிப்பைத் தொங்கவிடுங்கள். தொற்று ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகாமலும் இருக்கும்.

கொக்கி இருக்கிறது, விரிப்பைக் காணோம் என்றால் சலவைதான் காரணம். படுக்கை விரிப்போடு சேர்ந்து மூட்டையில் போய்விடும், திரும்பி வராது. அழியாத மையால் வார்டு பெயரை மூலையில் எழுதி, தனிப் பையில் போட்டு, எண்ணி அனுப்பி எண்ணி வாங்க வேண்டும். இது அலுப்பான வேலை. ஆனால் புதிது வாங்கச் சொல்லி ஆறு மாதம் கடிதம் எழுதுவது இதைவிட அலுப்பு.

எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தும் செய்யவில்லை என்றால் ஆள் கணக்கைப் பாருங்கள். இரண்டு பேர் செய்ய வேண்டியதை இரவில் ஒருவர் செய்கிறார் என்றால் எந்த வகுப்பும் உதவாது. அது தாதியர் தலைவியான மேட்ரனுக்குப் போக வேண்டிய விஷயம். வாயால் சொல்லாமல் ஒரு வாரக் கணக்கை எழுதிக் கொடுங்கள்: எத்தனை மணிக்கு, எந்தக் கட்டில், எத்தனை பேர் வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள். அசையவில்லை என்றால் பாதுகாப்பு, சுகாதாரக் குழுவிடம் போங்கள். 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்படி ஒரு குழு இருந்தாக வேண்டும். பழைய கட்டில்களை மாற்றுவது போன்ற பெரிய செலவெல்லாம் அந்த மேசையில்தான் முடிவாகும்.

அறிகுறி 2: எண்ணி முடிப்பதற்குள் ஒருவர் இழுக்கிறார், இன்னொருவர் நிற்கிறார்

கட்டிலிலிருந்து டிராலிக்கு மாற்றும்போது அதிகம் நடப்பது இது. எங்கள் ஊரில் ஒரு கட்டிலைச் சுற்றி நான்கு பேர் நின்றால் மூன்று மொழி இருக்கும். ‘சத்து, டுவா, தீகா’ என்று ஒருவர் மலாயில் மூன்றுவரை எண்ணுவார். ‘தீகா’ சொல்லும்போதே இழுக்க வேண்டும் என்று ஒருவர் நினைப்பார், ‘தீகா’ சொல்லி முடித்த பிறகு என்று இன்னொருவர். நடுவில் படுத்திருக்கும் தாத்தா அரைச் சுற்றுத் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறுவார்.

இதற்குக் காசு எதுவும் வேண்டாம். எண்ணுவதை விட்டுவிடுங்கள். தலைமாட்டில் நிற்பவர் மட்டும் குரல் கொடுக்கட்டும். ‘செடியா?’ (மலாயில் ‘தயாரா?’) என்று கேட்டால் ஒவ்வொருவரும் ‘செடியா’ என்று வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும், தலையாட்டினால் போதாது. அப்புறம் ஒரே சொல்: ‘தாரேக்’. தே தாரேக்கில் வருகிற அதே தாரேக்தான், இழு என்று பொருள். தமிழ்ப் பிள்ளை, சீனத் தாதி, மலாய் அத்தெண்டன் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

குரல் சரியாகிவிட்டது, அப்படியும் ஆள் கோணுகிறார் என்றால் யார் யார் எதிரெதிரே நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஆறடித் தம்பியும் ஐந்தடித் தங்கையும் ஜோடி சேர்ந்தால் ஒருவருக்குக் கட்டில் தாழ்வு, இன்னொருவருக்கு உயரம். உயரம் ஒத்தவர்களை எதிரெதிரே நிறுத்துங்கள். டிராலியைக் கட்டிலைவிட அரை அங்குலம் தாழ்வாக வையுங்கள். இரண்டுக்கும் பிரேக் போட்டாயிற்றா என்று காலால் தட்டிப் பாருங்கள், கண்ணால் பார்ப்பது போதாது. சிறுநீர்ப் பை, சலைன் குழாய், ஆக்சிஜன் மூன்றும் போகிற பக்கத்துக்கு முன்னால் போய்விட்டதா என்பதைக் குரல் கொடுப்பவரே பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டில் கம்பியில் மறந்து விட்ட சிறுநீர்ப் பை எத்தனை முறை எங்களைப் பாதி வழியில் நிறுத்தியிருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை.

இதில் எல்லாரும் மறக்கும் இன்னோர் ஆள் நோயாளி. ‘செடியா, தாரேக்’ என்றால் அந்தக் காலத்துத் தோட்டத்துப் பாட்டிக்கு என்ன தெரியும்? திடீரென்று நாலு பேர் இழுத்தால் உடம்பை விறைப்பாக்கிக்கொள்வார். தமிழ் தெரிந்தவர் யாராவது முதலில் குனிந்து, ‘பாட்டி, பக்கத்துக் கட்டிலுக்கு மாத்தப் போறோம். கையை நெஞ்சு மேல கட்டிக்குங்க, தாடையை நெஞ்சுப் பக்கம் கொண்டுவாங்க’ என்று சொல்ல வேண்டும். தமிழ் பேசாதவர்களுக்காக இந்த இரண்டு வாக்கியத்தையும் ரூமி எழுத்தில் (மலாய் எழுதும் ரோமன் எழுத்து) எழுதி டிராலிப் பக்கம் ஒட்டியிருக்கிறேன். மலாய்த் தம்பி ஒருவர் ‘பாத்தி, கையே நெஞ்சு மேலே’ என்று படித்தபோது பாட்டி சிரித்துவிட்டார். சிரித்த உடம்பு விறைக்காது.

நிறுத்த வேண்டிய இடம்: மரத்திலிருந்தோ மோட்டார் சைக்கிளிலிருந்தோ விழுந்து, கழுத்திலும் முதுகுத்தண்டிலும் அடி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. மருத்துவரைக் கேட்காமல் கை வைக்கக்கூடாது. அவரைக் கட்டைபோல ஒரே துண்டாகத்தான் புரட்ட வேண்டும். தலையைப் பிடிக்க ஒருவர், தோள், இடுப்பு, கால் பக்கம் மூவர், பலகையோ விரிப்போ செருக இன்னொருவர். தலையைப் பிடிப்பவர்தான் குரல் கொடுக்க வேண்டும். ஆள் சேரவில்லையா, சேரும்வரை காத்திருங்கள்.

அறிகுறி 3: கட்டிலில் மேலே இழுத்தால் ஆள் நகர்வதில்லை

தலைமாடு முழுக்கத் தாழ்ந்திருக்கிறதா? பத்துப் பாகை உயர்ந்திருந்தாலும் மலையேற்றம்தான். தலையணையை எடுத்தாயிற்றா? நோயாளியால் முடியுமென்றால் முழங்காலை மடக்கிக் குதிகாலை ஊன்றச் சொன்னீர்களா? கைலி எங்காவது கம்பியில் மாட்டியிருக்கிறதா? விசிறி மட்டும் சுற்றுகிற வார்டில் வியர்வையில் நனைந்த முதுகு, மெத்தையின் பிளாஸ்டிக் உறையோடு பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதற்கு எத்தனை பலம் போட்டாலும் தோல்தான் உரியும். ஸ்லைட் ஷீட் இல்லாமல் செய்யாதீர்கள்.

விரிப்பு இருந்தும் நகரவில்லை என்றால் அது தோளிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை போகிறதா என்று பாருங்கள். பிருஷ்டம்தான் கனம். அதற்குக் கீழே விரிப்பு இல்லாவிட்டால் இருந்தும் பயனில்லை. இழுக்கும்போது கை மேல்நோக்கி எழக்கூடாது, மெத்தையை ஒட்டியே போக வேண்டும். ஒரு காலை முன்வைத்து, உடம்பின் கனத்தை முன்காலிலிருந்து பின்காலுக்கு மாற்றினால் கைக்கு வேலை குறைவு.

வேலை முடிந்ததும் விரிப்பை உருவிவிடுங்கள். அடியிலேயே விட்டுவிட்டால் நோயாளி தானாக வழுக்கிக் கீழே இறங்கிவிடுவார். தரையில் போட்டால் அடுத்து வருகிற தாதி வழுக்குவார்.

இப்போது முக்கியமான கேள்வி. அவர் ஏன் அடிக்கடி கீழே சரிகிறார்? ஒரு ஷிப்டில் ஒரே ஆளை நான்கு முறை மேலே இழுக்கிறீர்கள் என்றால், சாப்பாட்டுக்கு உட்கார வைக்கும்போது தலைமாட்டை மட்டும் உயர்த்துகிறீர்கள் என்று அர்த்தம். முதலில் முழங்கால் பக்கத்தை உயர்த்துங்கள், பிறகு தலைமாட்டை. அந்தப் பள்ளம் அவரைப் பிடித்து நிறுத்தும். முழங்கால் பக்கம் மடங்காத கட்டில் என்றால் தொடைக்கடியில் தலையணை வைக்கலாம். ஷிப்டுக்கு நான்கு இழுப்பு ஒன்றாகக் குறையும். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் முழுவதிலும் இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

தாதியைக் கூப்பிட வேண்டிய இடம்: மூக்குக்குழாய் வழியாக உணவு ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தாமல் தலைமாட்டைத் தாழ்த்தாதீர்கள். மூச்சிரைப்பால் படுக்கவே முடியாதவரையும் கேட்காமல் படுக்க வைக்காதீர்கள். நகர்த்திய பிறகு வால் எலும்புப் பக்கம் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். சிவப்பு வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண் ஆரம்பம். அதை அன்றைக்கே எழுத வேண்டும்.

அறிகுறி 4: நோயாளி நம் கழுத்தைக் கட்டிப் பிடித்துத் தொங்குகிறார்

போன வருடம் புதிதாக ஓர் அத்தெண்டன் தம்பி வந்தார். அப்பா செம்பனை வெட்டுகிறவர். பிள்ளையும் பள்ளி விடுமுறையெல்லாம் தோட்டத்தில் உழைத்தவர். ‘அக்கா, இருபது கிலோ குலையைக் கம்பியில குத்தி லோரியில வீசினவன் நான். இந்தத் தாத்தா எம்மாத்திரம்?’ என்றார். ‘குலை உன் கழுத்தைக் கட்டிப் பிடிக்குமா தம்பி?’ என்று கேட்டேன். சிரித்தார். அடுத்த வாரம் தாத்தா கட்டிப் பிடித்தார், அதற்கடுத்த நாள் தம்பி கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்தார்.

கட்டிப் பிடிப்பதற்குக் காரணம் பயம். கால் தரையைத் தொடாத உயரத்தில் உட்கார வைத்திருப்போம், அல்லது என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லியிருக்க மாட்டோம், அல்லது அவருக்குக் காது கேட்காது. முதலில் கட்டிலைத் தாழ்த்திப் பாதம் முழுவதும் தரையில் படச் செய்யுங்கள். கேட்கிற காதுப் பக்கம் போய்ச் சொல்லுங்கள். கைக்கு வேறு வேலை கொடுங்கள்: கட்டிலை ஊன்றட்டும், நாற்காலியின் கைப்பிடியைப் பிடிக்கட்டும். வெறுமனே ‘பிடிக்காதீங்க’ என்றால் இன்னும் இறுக்கித்தான் பிடிப்பார்.

உடம்புக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் ஊரில் வீட்டிலிருந்து வருகிறவர்கள் அப்பாவுக்கு முதுகிலும் கையிலும் தேங்காயெண்ணெயோ தைலமோ தேய்த்துவிட்டுத்தான் போவார்கள். அன்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணெய்க் கையை நம்பி எழுப்பினால் வழுக்கும். நாம் பயந்து அக்குளில் கைகொடுப்போம். துண்டால் துடைத்துவிட்டு இடுப்புப் பட்டை கட்டுங்கள். நாம் பிடிக்க வேண்டியது பட்டையைத்தான், ஆளை அல்ல. வயிற்றில் புதிதாக அறுவை நடந்தவருக்கும் வயிற்றில் குழாய் வைத்தவருக்கும் மட்டும் அந்தப் பட்டை வேண்டாம்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதை நான் வகுப்பில் காட்டுவதுகூட இல்லை, பார்த்தால் கை பழகிவிடும் என்று. பக்கவாதம் வந்தவரின் தளர்ந்த தோளை அப்படி இழுத்தால் மூட்டு நழுவும். பக்கவாத நோயாளி ஒருவர் நேற்றுவரை இல்லாத தோள்வலி சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, அவரை யார், எப்படி எழுப்பினார்கள் என்பதுதான். திட்டுவதற்காகக் கேட்க வேண்டாம். அடுத்து மருத்துவர் பார்க்கட்டும், பிசியோவுக்கும் தகவல் வரட்டும். அதுவரை அந்தக் கைக்குக் கீழே தலையணை வைத்துத் தாங்குங்கள்.

அறிகுறி 5: நாற்காலிக்கு மாற்றும்போது முழங்கால் மடிகிறது, அல்லது தலை சுற்றுகிறது

நாற்காலி பின்னால் ஓடுகிறதா? பிரேக். கால் தடுக்குகிறதா? கால் பலகையை மடக்கவில்லை. வழுக்குகிறதா? தேய்ந்த சிலிப்பரும் துடைத்துக் காயாத தரையும். இந்த மூன்றுமே இல்லை என்று உறுதியான பிறகுதான் நோயாளியின் காலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நாற்காலியைப் பலமுள்ள பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக வையுங்கள். ஆளைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதத்தை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும்வரை முன்னால் சாயச் சொல்லுங்கள். ‘நிமிர்ந்து எழுந்திருங்க’ என்றால் எழ முடியாது. குனிந்தால்தான் எழ முடியும். பால்மரம் (ரப்பர்) வெட்டி, காண்டா என்ற தோள்கம்பில் வாளி சுமந்த பாட்டிகளுக்கு இது வார்த்தையில் சொல்லாமலே புரியும். வாளியைத் தூக்குவதற்கு முன் எப்படிக் குனிந்தார்கள் என்று கேளுங்கள், உடனே செய்து காட்டுவார்கள்.

எழுப்புவதற்கு முன் ஒரு சோதனை: உட்கார்ந்தபடியே ஒவ்வொரு காலையும் நேராக நீட்டி ஐந்து விநாடி நிறுத்தச் சொல்லுங்கள். முடியவில்லையா, நிற்க வைக்காதீர்கள். அவர் ஹொயிஸ்ட் ஆள், தூக்கும் இயந்திரத்தில்தான் மாற்ற வேண்டும்.

தலை சுற்றல் வேறு கதை. பல நாள் படுத்திருந்தவரைச் சட்டென எழுப்பினால் ரத்த அழுத்தம் இறங்கும். விளிம்பில் சில நிமிடம் உட்கார வைத்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து 3 நிமிடத்துக்குள் ஒருமுறை அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அன்றைக்கு நடையும் இல்லை, நாற்காலியும் இல்லை. மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

விழுகிறார் என்றால்? தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த ஒரு நொடியில்தான் தாதிகளின் முதுகு போகிறது. பட்டையைப் பிடித்தபடி உங்கள் தொடை வழியாக அவரை மெல்லச் சரியவிட்டு, தலை மட்டும் அடிபடாமல் பாருங்கள். தரைக்கு வந்த பிறகு அவசரம் ஒன்றுமில்லை. தலையணை கொடுத்து, போர்த்திவிட்டு, மருத்துவர் பார்க்கும்வரை எழுப்பக்கூடாது. இடுப்பு எலும்பு முறிந்தவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த கதையெல்லாம் எங்களிடம் உண்டு.

அறிகுறி 6: ஹொயிஸ்ட் மூலையில் துணி காயப்போடும் கம்பியாக நிற்கிறது

‘அது கெட்டுப்போச்சு அக்கா’ என்பார்கள். பெரும்பாலும் கெட்டிருக்காது. சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தான் அழுந்தியிருக்கும். யாரோ துடைக்கும்போது பட்டிருக்கும். அதைத் திருப்பிவிட்டால் வெளியே வரும். அதுவும் இல்லையென்றால் பேட்டரி. சார்ஜர் செருகும் இடத்தில் யாருடைய கைப்பேசி தொங்குகிறது என்று பாருங்கள். இரவு ஷிப்டு முடியும்போது ஹொயிஸ்டைச் சார்ஜில் போடுவது இன்னார் வேலை என்று ஒருவர் பெயரில் எழுதிவிடுங்கள். ‘எல்லாரும்’ என்று எழுதினால் ஒருவரும் போட மாட்டார்கள்.

ஓடுகிறது, அப்படியும் எடுக்கவில்லை என்றால் ஸ்லிங் (நோயாளியைத் தாங்கும் துணித் தொட்டில்) அளவு பொருந்தவில்லை, அல்லது ஹொயிஸ்டின் கால் கட்டிலுக்கடியில் நுழையவில்லை. வெறும் ஹொயிஸ்டைத் தள்ளிக்கொண்டு போய் ஒவ்வொரு கட்டிலுக்கடியிலும் நுழைத்துப் பாருங்கள். ஹொயிஸ்ட் வாங்கியவரும் கட்டில் வாங்கியவரும் பேசிக்கொள்ளாத ஊரில் இது நடக்கும்.

பயத்தினால் எடுக்கவில்லை என்றால், கற்றுக்கொள்பவரையே ஸ்லிங்கில் உட்கார வைத்துத் தூக்குங்கள். ஒருமுறை தொங்கியவர் அப்புறம் நோயாளியை ஆட்டவிடமாட்டார். மாட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே நிறக் கொக்கி வளையம். மெத்தையிலிருந்து நான்கு விரல் மேலே தூக்கியதும் நிறுத்தி, எல்லா வளையமும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே. நகரும் ஹொயிஸ்டில் தூக்கும் நேரத்தில் பொதுவாகப் பிரேக் போடுவதில்லை, அது தானாக நடுவுக்கு வர வேண்டும். உங்கள் இயந்திரத்தின் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை கிலோவரை தாங்கும் என்பது இயந்திரத்திலும் எழுதியிருக்கும், ஸ்லிங்கிலும் எழுதியிருக்கும். இரண்டில் சிறியதுதான் கணக்கு.

தொழில்நுட்பரைக் கூப்பிட வேண்டிய இடம்: எண்ணெய் கசிவு, குலுங்கிக் குலுங்கி ஏறுதல், கிறீச்சிடும் சத்தம், ஸ்லிங்கில் தையல் பிரிந்திருப்பது, எழுத்து அழிந்த ஸ்லிங். இதில் ஒன்று இருந்தாலும் ‘பயன்படுத்தாதீர்’ அட்டை மாட்டி வார்டுக்கு வெளியே தள்ளிவிடுங்கள். மூலையிலேயே விட்டால் இரவில் யாராவது எடுப்பார்கள். ஊசி நூல் கொண்டு நாமே தைப்பது வேண்டவே வேண்டாம்.

அறிகுறி 7: பகலில் எல்லாம் சரி, இரவில் வீட்டு ஆட்கள் தூக்குகிறார்கள்

எங்கள் ஊரில் தவிர்க்க முடியாதது. மகனோ மருமகனோ தோட்ட வேலை முடித்து வந்து அப்பாவைக் கக்கூசுக்குத் தூக்கிப் போவார். தடுக்காதீர்கள், பழக்கிவிடுங்கள். பார்வையாளர் நேரத்தில் பத்து நிமிடம் போதும்: கட்டில் உயரம், பாதம் தரையில், முன்னால் சாய்வது, அக்குளில் கை கூடாது. இது வீடு திரும்பிய பிறகும் உதவும். கோழித்தூக்கமாகப் படுத்திருப்பவருக்கு மணி அடிக்கச் சொல்லிக் கொடுப்பதைவிட, இரவு பத்து மணிக்கு நாமே போய் ‘கக்கூசுக்குப் போகணுமா ஐயா?’ என்று கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

அறிகுறி 8: ஊழியர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்

பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் மேலே என்ன நினைப்பார்களோ என்ற பயம். வார்டு பாத்திர அறையில் தைல வாசம் அடித்தால் யாருக்கோ வலி என்று நான் புரிந்துகொள்வேன்.

வலி எந்த வேலையில் வந்தது என்று கேளுங்கள். பதில் அநேகமாக மேலே உள்ள ஒரு தலைப்பில் இருக்கும். அங்கே போய்ச் சரிசெய்யுங்கள். சிலர் கடையில் பெல்ட் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். காயத்தைத் தடுப்பதற்கு அந்தப் பெல்ட்டைப் பரிந்துரைக்க முடியாது என்று நியோஷ் 1994லேயே சொல்லிவிட்டது. பெல்ட் கட்டிய தெம்பில் இன்னும் கனமாகத் தூக்குவதுதான் நடக்கும். சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு ஒரு வாரம் படுக்கையும் வேண்டாம். முடிந்த அளவு நடமாட்டம், தூக்காத வேலை, இரண்டு வாரம் கழித்தும் குறையவில்லை என்றால் பிசியோ.

சம்பவத்தை அன்றைக்கே எழுதி வையுங்கள். தனியார் மருத்துவமனை ஊழியருக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ (ஊழியர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு உண்டு. ஆனால் எந்தத் தேதியில், எந்தக் கட்டிலில் என்று பதிவு இல்லாத வலியைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம். வேலையிடத்து விபத்தால் 4 நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால் அதைத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. 2004ஆம் ஆண்டு விதிகள் அப்படிச் சொல்கின்றன.

காத்திருக்கக்கூடாத வலியும் உண்டு. இரண்டு காலும் மரத்துப்போவது அல்லது பலமிழப்பது, சைக்கிள் இருக்கையில் படுகிற இடத்தில் உணர்வு இல்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது. இவற்றில் எது இருந்தாலும் ஷிப்டு முடியட்டும் என்று நிற்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள். பெரிய மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தால் எங்களிடமிருந்து ஈப்போவுக்கு ஆம்புலன்ஸ் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். ஆம்புலன்ஸ் டிராலியில் ஏற்றும்போது அவரும் ஒரு நோயாளிதான்; ஸ்லைட் ஷீட்டை எடுத்து வாருங்கள்.